மாசி, பங்குனி மாதங்களில் கடல்மீன் பிடித்தலும் குடியானவர்கள் கவனிக்கத்தக்கவையும்

ஐப்பசி முதல் மார்கழி வரையில் வடகிழக்குப் பருவக்காற்றினால் கொந்தளித்திருக்கும் நமது கீழைக் கடல், தை மாதத்தின் பிற்பகுதியில் சிறிது சிறிதாக அடங்கி, மாசி, பங்குனி மாதங்களில் பெரிய ஏரியைப்போல அமைந்து நிற்பது கரையோரத்தில் வாழ்வோர் யாவரும் அறிந்ததே. வயலில் சம்பா அறுவடை முடிந்து குடியானவர்கள் சிறிது ஓய்வு பெறும் இக்காலமே பரதவர்களுக்கு மும்முரமான தொழிற்காலமாகும். கையில் நெல் விற்ற பணம் புழங்கும் இம்மாதங்களில் கிராமச் சந்தைகளில் மீனும் கருவாடும் மிகுதியாக விலைப்படுகின்றன. தென்னைக்கும் தோட்டப் பயிர்களுக்கும் வேண்டிய மீன் எருவும் இக்காலத்திலேயே வண்டியேறி உள்நாட்டுக்கு வருகிறது.

கடல் தொழிலுக்கும் நிலவுடைமைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கருதக்கூடும். உணவு, எரு, தீவனம் என்னும் மூன்று உருவங்களில் கடலின் விளைவு ஒவ்வொரு கிராமத்துக்கும் வந்து சேருகின்றது. கிராமத்தார் எதை விலைகொடுத்து வாங்குகிறார்களோ அதையே கடலோரத்தார் பிடித்துக் கொணர்வார்கள். ஆகையால் இளவேனிலுக்கு முற்பட்ட இவ்விரு மாதங்களில் கடலிலிருந்து எடுக்கத்தக்கது எது, விட்டுவைக்கத்தக்கது எது என்பதை நிலமுடையோரும் கிராம அலுவலர்களும் அறிந்திருத்தல் அவசியம். அவற்றை இங்கு விளக்குவோம்.

காற்றும் நீரோட்டமும்

வாடைக்காற்று வீசும் காலத்தில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும். மாசி மாத வாக்கில் அது திரும்பி, தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடத் தொடங்கும். வாடையும் தணிந்து கொண்டலாகி, பங்குனியில் தென்கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் காற்று வீசும். மார்கழி, தை மாதங்களில் சுமார் 26 பாகை செண்டிகிரேடாக இருக்கும் கடல்நீரின் மேற்பரப்பு வெப்பம், பங்குனி முடிவில் ஏறக்குறைய 29 பாகைக்கு ஏறிவிடுகிறது.

மழைக்காலத்தில் ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டலும் உரச்சத்தும் கடலோர நீரில் கலந்திருக்கின்றன. கலங்கல் தெளிந்து வெயிலும் ஏறும்போது, கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய பாசிகள் பெருகுகின்றன. அப்பாசிகளைத் தின்று சிற்றுயிர்களும், அச்சிற்றுயிர்களைத் தின்று நெத்திலி, சாளை முதலிய சிறு மீன்களும் செழிக்கின்றன. சிறு மீன்களைத் துரத்திக்கொண்டு பெரிய மீன்களும் கரையை நெருங்கி வருகின்றன. மழைநாளில் வரப்பில் வழிந்தோடிய உரம் வீணாகிவிட்டதென்று குடியானவர் வருந்துவது இயல்பு. அதில் ஒரு பகுதி இவ்விதமாகவே மீனாக மாறித் திரும்பி வருகின்றது.

இராமேசுவரம் தீவுக்கு வடபுறத்தில் பாக்கு விரிகுடாவும் தென்புறத்தில் மன்னார் வளைகுடாவும் உள்ளன. வாடைக்காலத்தில் வடபுறம் கொந்தளிக்கத் தென்புறம் அமைதியாயிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் இது மாறித் தென்புறம் கொந்தளிக்கும். ஆகவே அப்பக்கத்துப் பரதவர் ஆண்டுதோறும் காற்றை அனுசரித்துக் கரையை மாற்றிக்கொண்டு தொழில் செய்வது நெடுநாள் வழக்கம். ஒரு காற்று ஓய்ந்து மற்றொரு காற்று வலுக்குமுன் உள்ள மாசி, பங்குனியில் மாத்திரம் இருபுறத்திலும் பெரும்பாலான நாட்களில் படகு செலுத்தலாம்.

இக்காலத்தில் அகப்படும் மீன்கள்

சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரையிலுள்ள மணற்பாங்கான கரையில் நெத்திலி, சாளை, சூடை, கானாங்கெளுத்தி முதலிய மீன்கள் கூட்டங் கூட்டமாய் வருகின்றன. இவற்றைப் பின்பற்றி வஞ்சிரம், பாறை, சூரை முதலியன வரும். வட பகுதியில் வஞ்சிரம் என வழங்கும் மீனையே தென் மாவட்டங்களில் சீலா என்றும், நெய்மீன் என்றும் சொல்வார்கள். பாக்கு விரிகுடா சராசரியாகப் பத்து மீட்டரளவே ஆழமுடையது. அதன் அடி சேறும் கடற்புல்லும் நிறைந்தது. ஆதலின் அங்கே காரல், நண்டு, இறால், மடவை ஆகியவை அதிகம். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் இருப்பதால் விளமீன், கலவா முதலிய பாறை மீன்கள் தூண்டிலில் அகப்படுகின்றன. கணவாய் எல்லாப் பகுதிகளிலும் உண்டு.

இம்மீன்களுள் பல இனங்கள் மாசிக்குப் பின் சினை முற்றி, சித்திரை, வைகாசியில் முட்டையிடுகின்றன. ஆகவே பங்குனியில் வலைப்படும் பெருமீன்களில் கணிசமானவை வயிற்றில் முட்டையுடன் இருக்கக் காணலாம்.

படகுகளும் வலைகளும்

இலேசான மரங்களைக் கயிற்றால் பிணைத்துச் செய்த கட்டுமரமே சோழமண்டலக் கரையில் தொன்றுதொட்டு வழங்கியது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி நேர்ந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர், இயந்திரம் பொருத்திய கண்ணாடியிழைப் படகுகள் அதன் இடத்தைப் பெரும்பாலும் பெற்றுவிட்டன. ஆழ்ந்த நீரில் விசைப்படகுகள் தொழில் செய்கின்றன.

வலைகளை, மீனைத் தெரிந்தெடுப்பவை, தெரிந்தெடுக்காதவை என இருவகையாகக் கொள்ளலாம். செவுள் வலை முதல் வகையைச் சேர்ந்தது. மிதப்புக் கட்டைகளாலும் ஈயக் குண்டுகளாலும் நீரில் திரைபோல நிற்கும் இவ்வலையில், கண்ணியின் அளவுக்கு ஒத்த மீனே செவுளில் மாட்டிக்கொள்ளும். அதனினும் சிறியது நுழைந்து போய்விடும். இதனாலேயே பரதவர்கள் மீனுக்கு மீன் வெவ்வேறு கண்ணியுள்ள வலைகளை வைத்திருக்கிறார்கள். இருள்பக்கத்து இரவுகளில் மீன்கூட்டம் அசையுமிடத்தில் கடல்நீர் ஒளிர்வதைக் கண்டு அவ்விடத்தில் வலை விடுவது அவர்கள் கைவந்த வித்தை. தூண்டிலும் இவ்வகையைச் சேர்ந்ததே. முள்ளின் அளவுக்கேற்ற மீனே அதில் விழும்.

விசைப்படகுகள் அடிநீரில் இழுத்துச் செல்லும் இழுவலை இரண்டாம் வகை. பையைப் போன்ற இவ்வலையின் வால்பகுதியில் கண்ணி நெருக்கமாயிருந்தால் பெரியது, சிறியது, குஞ்சு, சிப்பி யாவும் ஒருங்கே வாரப்படும். கண்ணியின் குறைந்த அளவு விதிகளால் கட்டளையிடப்பட்டுள்ளது. ஆயினும் அதற்குட்பட்ட வலைகள் வழங்குவது இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடி முறை தமிழ்நாட்டில் தடுக்கப்பட்டிருக்கின்றது.

இழுவலையில் வரும் பண்டத்தில் இறாலும் கணவாயும் பெருமீனும் பொறுக்கி எடுக்கப்பட்ட பின், உண்ணத் தகுதியற்ற சிறு மீனும் குஞ்சும் ஒரு குவியலாக எஞ்சுகின்றன. இவை மணலில் உலர்த்தப்பட்டு, மீன்தூள் ஆலைகளுக்கும், கோழித்தீவனத்துக்கும், எருவுக்கும் அற்ப விலைக்குச் செல்கின்றன. குடியானவருக்கு இவ்விஷயத்தில் நேரான சம்பந்தம் உண்டாவது இங்கேதான்.

குஞ்சு பிடிப்பதால் வரும் நஷ்டம்

ஒரு கணக்கினால் இதை விளக்கலாம். பத்துக் கிராம் எடையுள்ள கானாங்கெளுத்திக் குஞ்சுகள் நூறு சேர்ந்து ஒரு கிலோ ஆகும். இவை எருவாகவோ தீவனமாகவோ விற்கப்படின் கிடைப்பது மிகச் சொற்ப விலையே. அவற்றைக் கடலிலேயே விட்டுவைத்தால், நூற்றில் எழுபது பிற மீன்களுக்கு இரையாகவும் வேறு விதமாகவும் மாண்டுபோவதாகவே வைத்துக்கொள்வோம். மீதி முப்பது ஒவ்வொன்றும் நூறு கிராம் எடைக்கு வளர்ந்தால் மூன்று கிலோ மீன் ஆகின்றது. எடை மும்மடங்கு, எருவின் விலையாக இராமல் உணவு மீனின் விலையாகவும் இருக்கும். அன்றியும் அவை வளர்ந்து முட்டையிட்டால் அடுத்த ஆண்டின் விளைவும் அவற்றிலிருந்தே உண்டாகும். எழுபது, முப்பது என்பன விளக்கத்திற்காக எடுத்துக்கொண்ட எண்களாயினும், கானாங்கெளுத்தி போன்று விரைவில் வளரும் மீன்களில் கணக்கின் போக்கு இதுவே.

மீன் ஒன்று ஆயிரக்கணக்காகவும், இறால் இலட்சக்கணக்காகவும் முட்டையிடுவதால் எத்தனை பிடித்தாலும் குறைவு வராது என்று சிலர் வாதிப்பதுண்டு. முட்டைகளில் மிகப் பெரும்பாலானவை பொரிக்குமுன்னும் பொரித்த சில நாட்களுக்குள்ளும் அழிந்துவிடுகின்றன. கையளவு வளரும் வரையில் தப்பிப் பிழைப்பவை மிகச் சிலவே. அவ்வாறு தப்பிய சிலவற்றையே நெருங்கிய கண்ணி வாரிக்கொண்டு போகிறது. பதரும் சாவியும் போக எஞ்சிய மணியை விதைக்காமல் வறுத்துத் தின்பதற்கு இது ஒப்பாகும். விதைநெல்லின் அருமை அறிந்த குடியானவருக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

மீன்பிடித் தடைக்காலம்

1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தின்படி, கரையை அடுத்த நீர்ப்பகுதி பாரம்பரியப் படகுகளுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. விசைப்படகுகள் அதற்கப்பாலேயே தொழில் செய்யவேண்டும். 2001ஆம் ஆண்டு முதல், மீன்கள் முட்டையிடும் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வது தடுக்கப்பட்டு வருகின்றது. தொடக்கத்தில் 45 நாட்களாயிருந்த இத்தடை, 2017 முதல் 61 நாட்களாக நீட்டப்பட்டது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அதாவது சித்திரை தொடங்கி வைகாசி முடியும் வரை, இது அமலில் இருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையாகும். இக்காலத்தில் மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை வழங்குகிறது. நாட்டுப் படகுகளுக்கு இத்தடை இல்லை.

சித்திரையில் தடை வருவதை முன்னிட்டு, பங்குனி மாதத்தில் இயன்றவரை பிடித்துவிடவேண்டும் என்னும் அவசரம் எழுதல் இயல்பே. பங்குனியில் சினைமீனையும் குஞ்சையும் வரம்பின்றி வாரிய பிறகு சித்திரையில் கதவடைப்பதால் முழுப்பயன் விளையாது. தடை இல்லாத இம்மாதத்தில் மீனைக் காப்பது சட்டத்தினும் சந்தையின் கையிலேயே அதிகமாக இருக்கின்றது. வாங்குவோர் இல்லாத பண்டத்தை எவரும் எரிபொருள் செலவிட்டுக் கொண்டுவர மாட்டார்கள்.

மீன் எரு: ஒரு பழைய அனுபவம்

மீனை எருவாக்கும் தொழிலால் வந்த நன்மையும் தீமையும் நமது நாட்டில் முன்னரே காணப்பட்டவை. சென்னை மாகாணத்தில் 1907ஆம் ஆண்டு மீன் இலாகா தோன்றுவதற்குக் காரணமாயிருந்தவர் சர் பிரடெரிக் நிக்கல்சன் ஆவார். விவசாயிகளின் கடன் தொல்லையை ஆராய்ந்து, கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்படவேண்டுமென 1890-களில் அறிக்கை எழுதியவரும் இவரே. அந்நாளில் இம்மாகாணத்தைச் சேர்ந்திருந்த மலையாளக் கரையில், சாளை மீன் ஏராளமாக அகப்பட்ட காலங்களில் மணலிலேயே காயவைத்து எருவாக அனுப்பி வந்தனர். எண்ணெய் நீங்காத அந்த எரு மண்ணில் எளிதில் மக்குவதில்லை. மணலும் அதில் பெரும்பங்கு கலந்திருக்கும். மீனை வேகவைத்துப் பிழிந்து எண்ணெயைத் தனியே எடுத்து, எஞ்சிய சக்கையை உலர்த்தி எருவாக்கும் முறையை நிக்கல்சன் கற்பித்தார். சில ஆண்டுகளுக்குள் அக்கரையில் நூற்றுக்கணக்கான சிறு ஆலைகள் தோன்றின.

பிற்காலத்தில் சாளை மீன் வரத்து மிகவும் குன்றியது. கடல்நீரின் இயற்கை மாறுதல்களும் இதற்குக் காரணமாயிருந்தன. எனினும் குஞ்சுகளை வாரும் வலைகளும் குறைவை மிகுவிக்கும் என்று கருதப்பட்டு, 1943இல் சென்னை அரசாங்கம் சில வகை வலைகளையும் சிறு சாளை பிடித்தலையும் கட்டுப்படுத்தியது. சாளை ஓராண்டு மிகுவதும் ஓராண்டு மறைவதும் இன்றளவும் காணப்படுகின்றன. இயற்கையின் மாறுதலை நாம் தடுக்க இயலாது. வரத்துக் குறைந்த ஆண்டில் குஞ்சையும் எருவாக்காமலிருப்பது நம்மால் இயலும்.

கழிவைக் கொண்டு எரு செய்தல்

உலர்ந்த மீன் எருவில் நூற்றுக்கு 4 முதல் 10 பங்கு வரை தழைச்சத்தும், 3 முதல் 9 பங்கு வரை மணிச்சத்தும், 0.3 முதல் 1.5 பங்கு வரை சாம்பல் சத்தும் உள்ளன. இச்சத்துகளைப் பெறக் குஞ்சு மீன் தேவையில்லை. மீன் அங்காடிகளில் வெட்டி எறியப்படும் தலை, செதில், குடல், செவுள், எலும்பு ஆகியவற்றிலும் இவை உண்டு. இக்கழிவு பல ஊர்களில் சாக்கடையில் எறியப்பட்டுத் துர்நாற்றத்துக்கும் ஈக்களுக்கும் இடமாகிறது. இதனை இருவிதமாய்ப் பயன்படுத்தலாம்.

முதலாவது, குழி எரு. தோட்டத்தில் மேடான இடத்தில் குழி வெட்டி, சருகு அல்லது வைக்கோல் ஒரு படை, மீன்கழிவு ஒரு மெல்லிய படை, சாணமும் மண்ணும் ஒரு படை என மாற்றி மாற்றிப் பரப்பி, மேலே மண்ணால் கனமாக மூடவேண்டும். மூடாவிடில் நாயும் காகமும் கிளறிவிடும். நன்றாக மக்கி நாற்றம் நீங்கிய பிறகே எடுக்கவேண்டும். தென்னைக்கு இடும்போது அடிமரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் தூரம் வரையில் வட்டப்பாத்தி எடுத்து, எருவைப் பரப்பி, மண்ணுடன் கலந்து மூடுவது நலம்.

இரண்டாவது, மீன் அமிலம். ஒரு கிலோ மீன்கழிவைச் சிறு துண்டுகளாக்கி, ஒரு கிலோ நாட்டு வெல்லத்தைப் பொடித்துக் கலந்து, வாயகன்ற ஜாடியிலோ பிளாஸ்டிக் வாளியிலோ இட்டு மூடி, நிழலில் 21 முதல் 40 நாட்கள் வரை வைக்கவேண்டும். தேன் நிறமான சாறு இறங்கும், அதனை வடிகட்டிக்கொள்ளவேண்டும். ஒரு லிட்டர் நீருக்கு 5 முதல் 10 மில்லிலிட்டர் வரை சேர்த்து, காலையிலோ மாலையிலோ பயிர்மீது தெளிக்கலாம். இதற்கு மேல் மிகுத்தால் இலை கருகக்கூடும்.

உப்பிட்ட மீனையும், கடற்கரை மணலில் உலர்ந்த மீனையும் எருவாக இடுவோர் அதில் உப்பு உண்டென்பதை மறவாதிருத்தல் வேண்டும். வடிகால் இல்லாத களிமண்ணிலும் உவர் நிலத்திலும் அது தீங்கு செய்யும். புகைப்பதற்காகப் பயிரிடும் புகையிலைக்கு உப்புள்ள எரு ஆகவே ஆகாது. இலை சரியாக எரியாமல் தரம் கெட்டுவிடும்.

கருவாடு வாங்குவோருக்கு

மாசி, பங்குனியின் வறண்ட வெயில் கருவாடு உலர்த்த உகந்தது. வேதாரணியம், தூத்துக்குடி முதலிய இடங்களில் உப்பு வாருவதும் இக்காலத்தில் சுறுசுறுப்படைகிறது. நல்ல கருவாட்டில் மணல் ஒட்டியிராது. வலைப்பரணிலோ சுத்தமான தளத்திலோ உலர்த்தியதற்கு அதுவே அடையாளம். செந்நிறம் படர்ந்ததும், வண்டு துளைத்ததும், அழுத்தினால் ஈரம் கசிவதும் வாங்கத்தக்கவை அல்ல. பச்சைமீன் வாங்கும்போது கண் பளபளப்பாகவும், செவுள் சிவப்பாகவும், சதை விரலுக்கு இறுக்கமாகவும் இருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும்.

கழிமுகங்களின் பாதுகாப்பு

இதுகாறும் கூறியவை விலைகொடுத்து வாங்குவதைப் பற்றியவை. நிலத்தில் நேரடியாகச் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகின்றது. அதன் குஞ்சுகளோ ஆற்றுக் கழிமுகங்களிலும் உப்பங்கழிகளிலும் புகுந்து, சில மாதங்கள் அங்கே வளர்ந்த பிறகே கடலுக்குத் திரும்புகின்றன. மடவையும் கொடுவாயும் இவ்வாறே கழிமுகத்தை நாடுவன. முத்துப்பேட்டை, பிச்சாவரம் ஆகிய இடங்களிலுள்ள அலையாத்திக் காடுகள் இக்குஞ்சுகளுக்கு நாற்றங்கால் போன்றவை.

காவிரிப் பாசனத்தின் கடைமடை வடிகால்களில் பல இவ்விடங்களிலேயே முடிகின்றன. சம்பா அறுவடைக்குப் பின் உளுந்தும் பயறும் நிற்கும் வயல்களில் பூச்சிமருந்து தெளிப்போர், தெளிப்பான்களை வடிகால் வாய்க்காலில் கழுவுவதும் மீதி மருந்தை அதில் கொட்டுவதும் வழக்கமாயுள்ளது. இன்று வழங்கும் செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகள் பயிர்ப்பூச்சிகளைக் கொல்லும் அளவினும் மிகக் குறைந்த அளவிலேயே இறாலுக்கும் மீனுக்கும் நஞ்சாகக்கூடியவை. கோடையை அடுத்த இம்மாதங்களில் வாய்க்காலில் நீரோட்டம் குறைவாதலால் நஞ்சு கரைந்து நீர்க்காமல் தேங்கி நிற்கும். கழுவுநீரை வாய்க்காலில் விடாமல், மருந்து தெளித்த வயலிலேயே பரவலாக ஊற்றிவிடுவது எளிதான பரிகாரம். அலையாத்தி இலையைத் தீவனத்துக்காக ஒடிப்பதும், அக்காட்டில் கால்நடைகளை மேயவிடுவதும் நிறுத்தப்படவேண்டும்.

செய்யத்தக்கவை

1. எருவுக்காகவும் தீவனத்துக்காகவும் மீன் வாங்குவோர், அது குஞ்சு மீனா, கழிவா என்று கேட்டறிந்து, கழிவினால் செய்ததையே வாங்குதல் வேண்டும்.

2. பங்குனி மாதத்தில் விரற்கடை நீளமுள்ள குஞ்சுகளை உணவுக்காகவும் வாங்காது விடுதல் நலம். நெத்திலி, காரல் போன்றவை இயல்பிலேயே சிறியவையாதலால், வளர்ந்த நெத்திலியையும் பிற மீன்களின் குஞ்சையும் வேறுபடுத்தி அறிந்துகொள்ளவேண்டும்.

3. சித்திரை, வைகாசியில் கடல்மீன் குறையும். அப்போது நீர் வற்றிவரும் ஏரி, குளங்களில் கெண்டை முதலிய நன்னீர் மீன்கள் பிடிக்கப்படுமாதலின், ஊராட்சிகள் அவற்றைக் காலத்தில் ஏலம்விட்டுப் பயன்படுத்தலாம்.

4. சந்தையுள்ள கிராமங்களின் அலுவலர்கள், மீன்கழிவைத் தனித் தொட்டியில் சேர்க்க ஏற்பாடு செய்து, வேண்டும் குடியானவர்களுக்குக் கொடுப்பது சுகாதாரத்துக்கும் விவசாயத்துக்கும் ஒருங்கே உதவும்.

5. கழிமுகத்தை அடுத்த கிராமங்களில், மருந்துக் கலங்களை வாய்க்காலில் கழுவலாகாதென்பதை அலுவலர்கள் பொதுமக்களுக்கு அறிவித்தல் வேண்டும்.

கடலில் விதைப்பவர் எவரும் இல்லை. பிடிபடாமல் தப்பும் சினைமீனே அதன் விதை. தப்பும் குஞ்சே அதன் நாற்று. வருகிற மாசியில் சந்தைக்கு வரவேண்டிய மீன் இந்தப் பங்குனியில் குஞ்சாகவும் சினையாகவும் நீரில் இருக்கின்றது. அதனை எருக்குழியில் இடுவதால் ஒரு குடியானவருக்கு ஒரு போகத்தில் கிடைக்கும் இலாபம் சிறிது. அதனால் பலர் இழக்கும் உணவு பெரிது. இவ்விஷயத்தில் மேலும் விவரம் வேண்டுவோர் அந்தந்த மாவட்டத்து மீன்வளத் துறை அலுவலகத்திலும், வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் கேட்டறிந்து பயனடையுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.